கம்மல் வைத்த கதவு

காட்டைத் திருத்தி முதன்முதலில் குடியேறியவர்கள் கையில் கிடைத்ததை வைத்தே வீடு கட்டினார்களாம். ஆகவே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும், வீட்டில் உதவாமல் கிடக்கும் பொருள்களைக் கொண்டு அப்படியொரு வீடு செய்துவர வேண்டும் என்று அருணாதேவி மிஸ் சொல்லியிருந்தார்.

கவியா செய்த வீட்டைப் பார்த்தால் அந்தக் குடியேறிகளே வாடகை விசாரித்துக்கொண்டு வந்திருப்பார்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சுருட்டி அடுக்கிய மரச்சுவர். ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் ஓட்டுக் கூரை. அவள் ஒட்டி முடித்தபோது கீழ்பென்னாத்தூர் வட்டாரத்திலேயே ஓடு மிஞ்சவில்லை. கதவுக்குக் குமிழ், பீரோவில் சும்மா கிடந்த அம்மாவின் ஒற்றைத் தங்கக் கம்மல். ஜோடி தொலைந்த கம்மல் உதவாத பொருள்தானே?

காலையில் பள்ளிக்கு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே அம்மா ரேவதி சொன்னாள்.

"தொலைஞ்சுபோன கம்மல் அரிசி டிரம்முக்கு அடியில கெடச்சிடுச்சுடி. சாயங்காலம் ரெண்டையும் போட்டுக்கினு கல்யாணத்துக்குப் போறேன். உங்க அத்தை மூஞ்சியப் பாக்கணும்."

பின்னால் மடியில் வீட்டோடு உட்கார்ந்திருந்த கவியாவின் கட்டைவிரல் குமிழை மூடிக்கொண்டது. அந்த விரலில் ஊறிய வேர்வையைப் பிடித்து வைத்திருந்தால் நகராட்சி ஒரு வாரம் தண்ணீர் விட்டிருக்கலாம்.

"ஏன்டி பேச மாட்டேங்கிற?"

"பசை காயலம்மா. அழுத்திப் பிடிச்சிருக்கேன்."

பள்ளியில் இறங்கியதும் கழற்றிவிடலாம், சாயங்காலம் அம்மா தேடுவதற்குள் பீரோவில் வைத்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். செங்கம் ரோட்டில் ஒரு பஸ் மறித்து நின்றது. ரேவதி பிரேக் பிடித்தாள். காபிக்கடை மதிலிலிருந்து ஆள் உயரக் குரங்கு ஒன்று குதித்தது. சரி, அரை ஆள் உயரம். வீட்டைப் பிடுங்கிக்கொண்டு தகரக் கூரைக்குத் தாவிவிட்டது.

ரேவதி சிரித்தாள். "மல்லாட்டை வாசனைக்கு வந்திருக்குது. போனாப் போவுது. மிஸ்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பஸ் நகர்ந்தது. அம்மா வண்டியைக் கிளப்பினாள். சொன்னால் அடி. சொல்லாவிட்டால் கம்மல் குரங்கோடு மலைக்குப் போய்விடும். குரங்கு கூரையை ஓடு ஓடாக உடைத்து, பருப்பைக் காணாமல் சினந்து, கதவை முகர்ந்தது.

"ம்மா, கதவுல இருக்கிறது உன் கம்மல்."

வண்டி நின்றது. ரேவதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செங்கம் ரோட்டு ஹாரன்கள் எல்லாம் வாயடைத்துப் போயின.

மகளின் டிபன் பாக்ஸைத் திறந்து, கடலை தூக்கலாகப் போட்ட எலுமிச்சை சாதத்தை மதில்மேல் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். குரங்கு சாதத்தைப் பார்த்தது. வீட்டைப் பார்த்தது. குமிழைப் பிடுங்கி வாயில் போட்டது.

ஒரு கடி. அப்புறம் துப்பியது. கம்மல் தகரத்தில் டக் டக்கென்று உருண்டு சாக்கடை ஓரம் விழ, ரேவதியின் செருப்பு அதன்மேல் வந்து நின்றது. குரங்கு வீட்டைக் கீழே வீசிவிட்டுச் சாதத்தின் முன்னால் போய் உட்கார்ந்தது.

கவியா முதுகைக் குறுக்கிக்கொண்டாள். ரேவதி கம்மலைத் துடைத்துப் பர்ஸில் போட்டாள். வீட்டைப் பொறுக்கியெடுத்து, நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைக் கதவில் குமிழ் இருந்த இடத்தில் ஒட்டினாள்.

"கூரை இல்லியேம்மா."

"அந்தக் காட்டுல முன்னாடியே குடியிருந்தவங்க பிச்சிட்டாங்கனு சொல்லு. உனக்கு அடி, கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து."