வேல்சாமியின் உருட்டுக்கம்பு

எனக்குத் தெரிந்து சங்கரன்கோவிலில் கோல்ப் ஆடுகிற ஆள் ஒருவர்தான், அவர் வேல்சாமி. ராஜபாளையம் ரோட்டில் சேலைக்கடை வைத்திருக்கிறார். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, கண்ணுகளா. ஊரும் முதலில் சிரிக்கத்தான் செய்தது.

மஸ்கட்டில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. அங்கே மணல்தான் மைதானம். ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் புல்விரிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார்களாம். பந்து எங்கே போய் விழுகிறதோ அங்கே அதை விரித்து, மேலே பந்தை வைத்து அடுத்த அடி. ஊர் திரும்பும்போது மற்றவர்கள் போர்வையும் சென்ட்டும் கொண்டுவர, இவர் ஒரு பை நிறையக் கம்புகளையும் அந்த விரிப்பையும் கொண்டுவந்து இறக்கினார். மனைவி கோமதித்தாய் விரிப்பை வாங்கி வாசலில் மிதியடியாகப் போட்டுவிட்டாள். அதை மீட்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பக்கத்து ஊரான திருவேங்கடத்துக்குப் போகிற வழியில் அவர்களுக்குக் கொஞ்சம் கரிசல் காடு உண்டு. உளுந்து எடுத்த பிறகு அதுதான் மைதானம். வெயில் ஏற ஏறக் கரிசல் வாய் பிளக்கும், பந்து வெடிப்புக்குள் போய்விடும். உள்ளே பாம்பு கிடக்குமோ என்று கையை விட்டுத் துழாவப் பயம். அதனால் வெடிப்பில் விழுந்த பந்துக்குப் பதில் வேறு பந்து, அபராதம் கிடையாது என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். காட்டின் ஓரத்தில் இருந்த களம்தான் பந்தை உருட்டிக் குழியில் போடும் இடம். நடுவில் ஒரு பால்பவுடர் டின்னைப் புதைத்து, கோமதித்தாயைச் சாணி போட்டு மெழுகச் சொன்னார். எருமைச் சாணி பந்தை இழுக்கிறது, பசுஞ்சாணியில்தான் சீராக ஓடும் என்பது அவர் கட்சி. அவள் தலையில் அடித்துக்கொண்டு மெழுகினாள்.

ஒன்றில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. தானியம் அடிக்கிற இடத்தில் செருப்புக்கால் படக்கூடாது. எனவே வேல்சாமி களத்து ஓரம் வரை ஷூவோடு வந்து, அங்கே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய்ப் பந்தை உருட்டுவார். அப்படியே பழகிவிட்டது. கடைசியாக உருட்டப் பயன்படும் அந்தத் தட்டைமுகக் கம்புக்கு உருட்டுக்கம்பு என்று பெயர் வைத்தவர் பக்கத்துச் செருப்புக்கடை பாதுஷா.

பாதுஷா ஒருநாளும் ஆடியதில்லை. கேட்பதுதான் அவர் வேலை. மத்தியானம் ரோட்டில் நடமாட்டம் குறைந்ததும் சேலைக்கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். வேல்சாமி செல்போனை மேசைமேல் சாய்த்து வைத்து, எங்கோ வெளிநாட்டில் நடந்த போட்டியைப் போடுவார்.

"பாரும்வே, பொண்ணு பாக்கப் போனவன் மாதிரி குழியச் சுத்திச் சுத்தி வாரான். மூணடி தூரம். எங்க களத்துல நான் கண்ண மூடிட்டுப் போடுவேன்."

"அவன் கோடி கோடியா சம்பாதிக்கான். நீரு சேலை மடிக்கீரு."

"அதத்தான் சொல்லுதேன். கோடி வாங்குதவன் மூணடியத் தவற விடலாமா? விட்டான்னா அவன் ஆட்டக்காரனே இல்ல."

கம்புகளைப் பற்றியும் அவருக்குத் தீர்மானமான கருத்து உண்டு. "போன வருசக் கம்புக்குச் செகப்பு பெயிண்ட் அடிச்சா இந்த வருசக் கம்பு. நாம பழைய டிசைன் சேலைக்கு ஒரு சீரியல் பேரு வச்சு விக்கோம்லா, அதே யாவாரம்." மைதானமா? தண்ணீர் ஊற்றி வளர்த்த புல்லில் எவனும் அடிப்பான், நிலம் கிடக்கிறபடி கிடக்க வேண்டும். சிநேக ஆட்டங்களில், பந்து குழிக்கு மிக அருகே கிடந்தால் 'போட்ட மாதிரிதான், எடுத்துக்கோ' என்று விட்டுக்கொடுப்பார்களாம். அது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. "குழிக்குள்ள சத்தம் கேக்கணும்வே. கேக்கலன்னா போடல."

இவ்வளவு பேசுகிறவர் நிஜப் புல்லில் ஒருநாளும் ஆடியதில்லை. அந்த ஏக்கத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

போன ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கடையில் நல்ல கூட்டம். ஒரு அம்மாளுக்கு முந்தியை விரித்துக் காட்டும்போது, வேல்சாமியின் வலது கட்டைவிரல் தானாக ஆள்காட்டி விரலை உரச ஆரம்பித்தது. பீடி சுற்றுகிற பெண்களின் விரல் ஓடுமே, அதுபோல. கையில் பீடி இலையும் இல்லை, தூளும் இல்லை, விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சேலையைப் போட்டுவிட்டுக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

கோமதித்தாய், எந்த நோய்க்கும் மருந்தென்று ஊர் நம்பும் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து மணிக்கட்டில் பூசினாள். பிறகு திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். இது நரம்பு நோய், பார்க்கின்சன் என்று பெயர். போகாது. மெல்லக் கூடும். மாத்திரை போட்டால் கொஞ்ச காலம் கட்டுக்குள் நிற்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் வேல்சாமி விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகு சொன்னார்: "கம்போட கைப்பிடி ஒல்லியா இருக்குட்டி. அத இறுக்கிப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் கை இப்படி ஆயிட்டு."

அவள் மருந்துப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அதன்பிறகு, புதுக் கம்பு எல்லாம் பெயிண்ட் வேலை என்று சொன்ன மனிதர், புதிது புதிதாக உருட்டுக்கம்பு வரவழைத்தார். ஒன்று கனம் பத்தவில்லை. ஒன்று கனம் அதிகம். இன்னொன்றின் கைப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். எல்லாவற்றையும் களத்துக்குக் கொண்டுபோய், மெழுகிய தரையில் டின்னுக்குப் பக்கத்தில் பந்தை வைத்து நிற்பார். கம்பு பந்தைத் தொடுமுன்னே கை வெட்டும், பந்து டின்னைத் தாண்டி ஓடும். "சாணி சரியில்ல," என்பார். கோமதித்தாய் மறுபடி மெழுகுவாள்.

அப்போதுதான் அந்த போன் வந்தது. மஸ்கட்டில் கூட வேலை பார்த்த ஒருவர் மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராகியிருந்தார். எஸ்டேட் மைதானத்தில் வெளியாட்களுக்கும் ஒரு போட்டி வைக்கிறார்கள், நீயும் வா என்றார்.

"ஒரு தடவட்டி," என்றார் வேல்சாமி. "நெசப் புல்லுல, மொதக் குழியில இருந்து கடசிக் குழி வர. கை இம்புட்டாவது கேக்கும்போதே ஆடிட்டேன்னா போதும். பெறகு கம்ப எடுத்துப் பரண்ல போட்டுருதேன்."

கோமதித்தாய் நேரே செருப்புக்கடைக்குப் போனாள். அதுவரை பாதுஷாவிடம் யாரும் நோயின் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. அவள் சொன்னாள்.

"வேண்டாம்னு நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. அங்கன நாலு பேரு முன்னால கை ஆடிச்சுன்னா அவரு தாங்க மாட்டாரு."

பாதுஷா கையிலிருந்த செருப்பை வெகுநேரம் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் செருப்பு விக்கவன் தங்கச்சி. எனக்கு அவரு கால் அளவுதான் தெரியும். மனச எப்படி அளக்க?" என்றார். கடைசியில் வேண்டாமென்று சொல்லவும் இல்லை. வேல்சாமியின் ஷூவை வாங்கி, ஈரப்புல்லில் வழுக்காதபடி அடியில் குமிழ் வைத்துத் தைத்துக் கொடுத்தார். போட்டி அன்று அவர்கள் பிடித்த வாடகைக் காரில் தானும் ஏறிக்கொண்டார்.

மலைமேல் மஞ்சு வெள்ளைப் புகையாக இறங்கியிருந்தது. இவ்வளவு பச்சையை ஒரே இடத்தில் கோமதித்தாய் பார்த்ததில்லை. வேல்சாமி குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். "கம்பளி மாதிரி இருக்குவே," என்றார் பாதுஷாவிடம். தண்ணீர் ஊற்றி வளர்த்த புல் என்ற பேச்சே எழவில்லை.

அவரோடு சேர்த்து மூன்று பேர் ஒரு குழுவாக ஆடினார்கள். முதல் அடி அவருடையது. பெரிய வீச்சுக்கு உடம்பு முழுக்கத் திரும்புகிறதல்லவா, அதற்குக் கை கட்டுப்பட்டது. பந்து மஞ்சுக்குள் நேராகப் போய் மறைந்தது. "சார், எங்க பிராக்டிஸ் பண்றீங்க?" என்று ஒருவர் கேட்டார். "நமக்குக் காடு இருக்கு," என்றார் வேல்சாமி. பாதுஷா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். அடுத்த இரண்டு அடியும் நன்றாகவே விழுந்தன. பந்து குழியிருக்கும் வட்டத்தில் ஏறி, குழிக்கு மூன்றடியில் நின்றது.

வட்டத்தின் ஓரத்தில் வேல்சாமி நின்றுவிட்டார். குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். விரல்கள் கயிற்றைப் பிடிக்காமல் நழுவின. மற்ற இருவரும் என்னவோ ஏதோவென்று பார்த்தார்கள். கோமதித்தாய் தன் செருப்பைக் கழற்றி ஓரத்தில் விட்டு, அவர் காலடியில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள்.

"ஷூ போட்டுட்டே வரலாம் சார்," என்றார் ஒருவர்.

"களம்லா," என்றார் வேல்சாமி.

வெறுங்காலோடு போய்ப் பந்தின் முன் நின்றார். சைக்கிள் டியூப் சுற்றிய கம்பைப் பிடித்தார். வலது கை ஆட, அதை இடது கை பிடிக்க, இரண்டும் சேர்ந்து ஆடின. கம்பு வெட்டியது. பந்து குழியைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் போய் நின்றார். மறுபடி வெட்டியது, இந்தப் பக்கம் வந்தது. மூன்றாம் தரம் புல்லைத்தான் கொத்தினார். பின்னால் அடுத்த குழு வந்து காத்து நின்றது.

"சார், எடுத்துருங்க. போட்ட மாதிரிதான்," என்றார் கூட ஆடியவர். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

வேல்சாமி எடுக்கவில்லை. அடிக்கவும் இல்லை. குழியையும் பந்தையும் பார்த்தபடி நின்றார். அவர் மாத்திரையை முன்னதாகவே போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். புற்றுமண் பூசியாயிற்று, கம்பு மாற்றியாயிற்று. இனிச் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பாதுஷா ஓரத்தில் அவர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதித்தாய் உள்ளே வந்தாள். பந்தைப் பொறுக்கி முந்தானையில் துடைத்தாள். குனிந்து குழிக்குள் போட்டாள். டொக்கென்று கேட்டது.

"சத்தம் கேட்டுச்சுல்லா? வாங்க."

"நீ போட்டா செல்லாதுட்டி," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளைக்கு ஒரு விதியை விளக்குவதுபோல இருந்தது. பிறகு கம்பை அவளிடம் நீட்டினார். மற்ற குழிகளை மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை மூவரும் கிளப் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். டீ வந்தது. கோமதித்தாய் அவருடைய டம்ளரில் பாதியைத் தன்னுடையதில் ஊற்றிவிட்டு, சிந்தாத அளவு வைத்துக் கொடுத்தாள்.

கம்புப்பை பரணுக்குப் போய்விட்டது. பாதுஷா கொஞ்ச நாள் கடைக்கு வராமல் இருந்தார். பிறகு ஒரு மத்தியானம் வந்து, தன் போனையே மேசைமேல் சாய்த்து வைத்து, ஒரு போட்டியைப் போட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் கோமதித்தாய் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் மடிப்பது அவள்தான்.

போனில் ஒரு பெரிய ஆட்டக்காரன் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றடி தூரம். தட்டினான். பந்து விளிம்பை உரசிக்கொண்டு வெளியே போனது. கூட்டம் 'ஐயோ' என்றது.

பாதுஷா தலையைத் தூக்காமல் காத்திருந்தார். கோமதித்தாயின் கையும் மடிப்பில் நின்றது.

வேல்சாமி வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவன் மேல தப்பில்லவே," என்றார். "கைப்பிடி ஒல்லி."

"ஆமா," என்றார் பாதுஷா. "பாத்தாலே தெரியுது."