துரையும் உபதேசியாரும்

ஆரோக்கிய ஷீலாவின் வீட்டுக்கு அந்த நாய் வந்தபோது அதற்கு ஐந்து வயது முடிந்திருந்தது. பெயர் துரை. கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் பிறந்து, அங்கேயே காவல் காத்து வளர்ந்த நாய். ஷீலாவோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த லட்சுமி டீச்சரின் வீடு அது. அவள் குடும்பத்தோடு சென்னைக்குப் போனபோது, அங்கே மாடி வீட்டில் நாய் வைத்துக்கொள்ள விடவில்லை. கழுத்துக் கயிற்றை ஷீலாவின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

ஷீலாவுக்கும் ஒரு நாய் தேவையாகத்தான் இருந்தது. கணவன் ஜோசப் ராஜ் சவூதியில் இருந்தான். அமராவதிபுதூரில் அவர்கள் வீடு தெருக்கோடியில், அதைத் தாண்டினால் கருவேலங்காடு. வீட்டில் அவளும் மாமனார் வியாகுலமும் மட்டும்தான். வியாகுலம் மாதா கோயிலில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். மனைவி சந்தனமேரி இறந்த பிறகும் வேட்டி சட்டையில் ஒரு கறை பார்க்க முடியாது. தெருவில் எதிரே வருகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொல்வார்கள்.

முதலில் துரையைக் கொல்லையில் கட்டினார்கள். விடிய விடியக் குரைத்தது. தெருக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சரி, வீட்டுக்குள்ளேயே படுக்கட்டும் என்று ஷீலா முன்கூடத்தில் ஒரு சாக்கை விரித்துப் போட்டாள். அதில் அது சுருண்டு படுத்தது. குரைப்பு நின்றது. ஆனால் காலையில் எழுந்து வந்தபோது கூடத்தில் மாமனாரின் கட்டிலுக்குக் கால்மாட்டில், சுவரோரமாக மூத்திரம் தேங்கிக் கிடந்தது.

"புது இடம், பழகிரும்" என்று துடைத்தாள்.

பழகவில்லை. பகலில் துரை ஒரு குறையும் வைக்காது. வெளியே போய்விட்டு வரும், வாசலில் படுத்திருக்கும், தபால்காரரைப் பார்த்தால் மட்டும் ஒரு குரல் கொடுக்கும். இரவானால் அதே இடம், அதே சுவரோரம். ஷீலா பினாயில் ஊற்றிக் கழுவினாள். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் வைப்பதை நிறுத்திப் பார்த்தாள். படுக்கப் போகும் முன் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். ஒரு நாள் தரை காய்ந்திருக்கும். மறுநாள் பழைய கதைதான்.

எல்லோரையும்விட வியாகுலத்துக்குத்தான் கோபம் அதிகம்.

"வீடா இது, தொழுவமா? வேதப் புத்தகம் வச்சிருக்கிற கூடத்துல..." என்று குடைக்காம்பை ஓங்கிக்கொண்டு போவார். ஒரு காலையில் ஓங்கியதோடு நிற்கவில்லை. முதுகில் அடி விழுந்ததும் துரை கத்தவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், ஷீலாவின் காலுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தது. அதன் உடம்பு நடுங்குவது அவள் காலில் தெரிந்தது.

"அடிக்காதீக மாமா. அது வேணும்னா செய்யுது?"

"வேணாம்னா செய்யுது? அஞ்சு வயசு நாய்க்கு இனிமே என்ன பழக்கம் வரும்? கொண்டுபோய் விட்டுட்டு வா. ஜோசப்புட்டயும் சொல்லப்போறேன்."

அந்த வாரம் சவூதியிலிருந்து போன் வந்தபோது சொல்லியும்விட்டார். "அப்பாவுக்குப் பிடிக்கலைன்னா விட்டுரு ஷீலா" என்றான் ஜோசப். அவளுக்கு விட மனசில்லை.

சனிக்கிழமை துரையைக் காரைக்குடி மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பசுக்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் வரிசையில் நின்றாள். டாக்டர் இளவயதுக்காரர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மூத்திரத்தைச் சோதிக்கச் சொன்னார். நோய் எதுவும் இல்லை என்றார்.

"இத்தனை வருசம் வெளியவே இருந்த நாய். வீட்டுக்குள்ள போகக்கூடாதுன்னு அதுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலை. வயசான நாய்க்கும் பழக்கலாம், கொஞ்சம் பொறுமை வேணும். ராத்திரி நடுவுல ஒருதரம் எழுப்பி வெளிய கூட்டிட்டுப் போங்க. போனதும் தட்டிக்கொடுங்க. அடிச்சா பயந்து இன்னும் ஒளிஞ்சு ஒளிஞ்சு போகும்."

"ஒரே இடத்துலதான் போகுது டாக்டர். எத்தனை தடவை கழுவினாலும் அங்கேயேதான்."

"அப்ப அங்க வாடை இருக்கு. நமக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். அந்த வாடை போற வரைக்கும் அதுதான் இடம்னு நினைச்சுக்கும்."

மறுநாள் காலை வியாகுலம் பூசைக்குப் புறப்பட்டுப் போனதும் ஷீலா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். முதல் பூசைக்கு அவர், இரண்டாம் பூசைக்கு அவள் என்பது வழக்கம். கட்டிலை இழுத்துப் போட்டாள். கால்மாட்டில் இருந்த இரும்புப் பெட்டியை நகர்த்தினாள். அதற்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஒரு பழைய பால் பவுடர் டின் இருந்தது. மேலே ஒரு அட்டைத் துண்டு மூடியிருந்தது. எடுத்தாள். டின் காலிதான். ஆனால் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. தரையில் வட்டமாக ஈரம். வாடை மூக்கில் ஏறியது.

நாயின் வாடை இல்லை.

ஷீலாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. துரையின் முதுகில் விழுந்த அடி கண்ணுக்குள் வந்தது. மாமா ராத்திரி டின்னில் போவதை மறைத்துக்கொண்டு, அந்த வாடைக்குப் போன வாயில்லாத ஜீவனை... டின்னைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். கக்கூஸ் கொல்லையின் கடைசியில் இருந்தது. பின்வாசல் படியிலிருந்து அது வரைக்கும் கல்லும் மண்ணும் வேரும். விளக்கு கிடையாது. போன ஐப்பசியில் மாமனார் முழங்காலில் சிராய்ப்போடு வந்து "கோயில்ல முட்டி போட்டேன், கல் குத்திருச்சு" என்று சொன்னது அவளுக்கு அப்போது விளங்கியது. இருட்டில் இங்கேதான் விழுந்திருக்கிறார். விழுந்தவர் யாரையும் கூப்பிடவும் இல்லை. தன் துணியைத் தானே துவைத்துக் காயப்போடும் மனிதர். மருமகளிடம் எதைச் சொல்வார், எப்படிச் சொல்வார்?

டின்னைக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்தாள். அட்டையையும் மூடினாள். தரையைச் சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினாள். கட்டிலை மட்டும் ஜன்னல் பக்கமாகத் தள்ளிப் போட்டாள்.

அந்த வாரமே எலெக்ட்ரீஷியன் மருதுவை வரச்சொல்லிக் கொல்லையில் ஒரு பல்பு போட்டாள். மேடு பள்ளத்தை மண்ணடித்து நிரவச் செய்தாள். கக்கூஸ் வரைக்கும் பிடித்துக்கொண்டு போக ஒரு பைப்பும் நட்டாயிற்று.

"எதுக்கு இம்புட்டுச் செலவு?" என்றார் வியாகுலம்.

"நாய்க்குத்தான் மாமா. ராத்திரி வெளிய கூட்டிட்டுப் போகணும்னு டாக்டர் சொல்லிருக்காரு."

"நாய்க்குப் பைப்பு எதுக்கு?"

ஷீலா அவருக்குக் காபியை ஆற்றிக் கொடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஒரு ஒத்தாசை செய்வீகளா மாமா? நான் படுத்தா கட்டை மாதிரி தூங்கிருறேன். காலையில பள்ளிக்கூடம் வேற. உங்களுக்குத் தூக்கம் கம்மி. முழிப்பு வர்றப்ப இதை அங்குட்டுக் கூட்டிட்டுப் போயிட்டு வர முடியுமா?"

"நானா? இந்தச் சனியனையா?"

"வேற யாரு மாமா இருக்கா?"

அவர் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கயிறு எங்க கிடக்கு?" என்றார்.

அன்று இரவு ஷீலா தூங்கவே இல்லை. நாதாங்கி விலகும் சத்தம் கேட்டது. கொல்லை விளக்கின் வெளிச்சம் அடுப்படித் தரையில் விழுந்தது. "நட, நட. இங்குட்டு இல்லடா, அங்குட்டு" என்று மாமனாரின் குரல். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, மறைக்கல்வி வகுப்பில் சரியாகப் பதில் சொன்ன பிள்ளையைப் பாராட்டும் அதே குரலில், "ஆங், அப்படி!" என்றார்.

காலையில் தரை காய்ந்திருந்தது. இட்லிக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவராகவே சொன்னார். "ரெண்டு தரம் போச்சு. உனக்குத்தான் கூட்டிட்டுப் போகத் தெரியலை."

"அப்படித்தான் மாமா போல."

பிறகு அது வழக்கமாயிற்று. அவருக்கு முழிப்பு வந்து கட்டில் கிரீச்சிட்டால் துரை எழுந்து நின்றுவிடும். இரண்டு பேரும் போவார்கள், இரண்டு பேரும் வருவார்கள். குடை மூலையில் சாய்ந்திருந்தது. அதை அவர் நாய்மேல் ஓங்கவில்லை. ஒரு நாள் ஷீலா பெட்டியை நகர்த்திப் பார்த்தாள். டின் இல்லை.

கார்த்திகையில் ஒரு ராத்திரி மழை கொட்டியது. விடிந்து ஷீலா எழுந்து வந்தபோது வியாகுலம் பின்வாசலில் குந்தி உட்கார்ந்து, பழைய துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துரை தலையைக் கவிழ்த்தபடி ஓரமாக நின்றது.

"விடுங்க மாமா, நான் துடைக்கிறேன்."

"இருக்கட்டும். இடி இடிச்சுதுல்ல, படி இறங்க மாட்டேன்னுருச்சு. வாசல் வரைக்கும் வந்துச்சு, அடக்க முடியலை. பாவம், அது என்ன பண்ணும்?" துணியைப் பிழிந்தார். அவளைப் பார்க்காமலே கேட்டார். "அந்த டின்னை நீ பாத்தேல்ல?"

"பாத்தேன் மாமா."

"கேக்கலையே."

"நீங்களே சொல்லுவீகன்னு இருந்தேன்."

அவர் துணியை இன்னொரு தரம் பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை. "நாயை அடிச்சேனே ஆத்தா. என் மேலதான் எனக்குக் கோவம். இம்புட்டு வயசுக்கு மேல இப்படி ஆயிருச்சேன்னு... படுத்தா எந்திரிக்கணும், படுத்தா எந்திரிக்கணும். போனாலும் சரியா வர மாட்டேங்குது. உன் மாமியா இருந்தா அவகிட்டச் சொல்லிருப்பேன்."

"டாக்டர்ட்டக் காட்டுவோம் மாமா. துரையைக் கூட்டிட்டுப் போனோம்ல? இதுவும் அப்படித்தான்."

"என்னையும் மாட்டாஸ்பத்திரிக்கா?" என்றார் வியாகுலம்.

ஷீலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்துவிட்டார். என்னவோ நல்ல செய்தி என்று நினைத்து துரை வாலை ஆட்டியது.

மனிதர்களைப் பார்க்கும் டாக்டரிடமே போனார்கள். புராஸ்டேட் வீக்கம், வயதான ஆண்களுக்கு வருவதுதான், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை என்றார் அவர். மாத்திரையில் கொஞ்சம் குறைந்தது. ஜோசப் லீவில் வந்தபோது மதுரையில் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வியாகுலம் மகனிடம் தன் உடம்பைப் பற்றிப் பேசியதைவிட, "ராத்திரி அதை யாரு வெளிய கூட்டிட்டுப் போறா?" என்று கேட்டதுதான் அதிகம்.

வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்து ஒரு பின்னிரவு. ஷீலா ஏதோ சத்தம் கேட்டு விழித்தாள். பின்கதவை யாரோ பிராண்டுவது போலிருந்தது. எழுந்து வந்தாள். துரை கதவுக்கு முன்னால் நின்று, ஒரு காலால் கதவைச் சுரண்டிவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தது. யாரும் எழுப்பவில்லை. தானாகவே வந்து நிற்கிறது. அவள் நாதாங்கியை விலக்கினாள். அது படியிறங்கி ஓடி, மாமரத்தடியில் காரியத்தை முடித்துவிட்டு, தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பிக்கொண்டு திரும்பி வந்தது. குனிந்து அதன் கழுத்தை இரண்டு கையாலும் தேய்த்துக் கொடுத்தாள்.

கூடத்தில் கட்டில் அசைந்தது. "யாரு?" என்றார் வியாகுலம், பாதித் தூக்கத்தில்.

"துரைதான் மாமா. போயிட்டு வந்துருச்சு. நீங்க தூங்குங்க."

அவர் புரண்டு படுத்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு வருவதற்குள் குறட்டைச் சத்தம் கேட்டது. துரை தன் சாக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதன்மேல் படுத்துக் கண்ணை மூடியது.