நாற்பத்தொன்றாம் நம்பர்

மயிலாப்பூர்க் கல்லூரி ஒன்றில் சரித்திரம் நடத்திய ஞானதாஸ் கறாருக்குப் பேர்போனவர். கட்டுரைக்கு அவகாசம் கேட்டு யார் வந்தாலும் ஒரே பதில்தான்: “ஐயர் வர்ற வரைக்கும் அமாவாசை காத்திருக்காது.” ஆஜர் எடுக்கும்போது தலையைத் தூக்கவும் மாட்டார். நம்பரைக் கூப்பிடுவார், “எஸ் சார்” காதில் விழும், ரிஜிஸ்டரில் கோடு விழும். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும் என்று பயமோ என்னவோ, அந்த மனுஷருக்கு.

1944 பிப்ரவரியில் ஒருநாள், ராயப்பேட்டையிலிருந்து வரும் ஷரீஃப் கண் சிவக்க அவர்முன் வந்து நின்றான். அவன் நாற்பத்தொன்றாம் நம்பர்.

“காய்ச்சல் சார். ஒரு வாரம் டைம் குடுங்க.”

“திங்கட்கிழமை மேஜையில இருக்கணும். இல்லேன்னா பரீட்சை எழுத என் கையெழுத்து கிடைக்காது. தலையே போனாலும் சரி.”

நூறு பேரிடம் சொன்ன பேச்சு அது. சொன்னதையே மறந்துபோனார்.

திங்கட்கிழமை கட்டுரை வந்துவிட்டது. புதன்கிழமை மாலை திருத்த உட்கார்ந்தபோதுதான், ஷரீஃபின் கட்டுரையும் அவன் சிநேகிதன் வில்லியத்தின் கட்டுரையும் ஈயடிச்சான் காப்பி என்று தெரிந்தது. கையெழுத்துகூட ஒன்றே. வில்லியத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

“யாரைப் பார்த்து யார் எழுதினது?”

“ரெண்டும் நான்தான் சார் எழுதினேன். ஷரீஃப் வெள்ளிக்கிழமை இறந்துட்டான். டைபாய்டு. எப்படியாவது மேஜையில வெச்சுடுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். வேற ஒண்ணு புதுசா எழுத எனக்கு நேரமில்ல சார்.”

ஞானதாஸ் ரிஜிஸ்டரைப் புரட்டினார். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் நாற்பத்தொன்றுக்கு நேரே கோடு இருந்தது. உறுத்தலை மறைக்கக் கோபம்தான் கைகொடுத்தது.

“செத்தவனுக்கு எஸ் சார் சொன்னதும் நீதானா?”

“கட்டுரை நான் எழுதினேன் சார். குரல் நான் குடுக்கல. மாதா மேல ஆணை.”

அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வில்லியத்தைக் கல்லூரியை விட்டே நீக்கச் சொல்லிப் பிரின்சிபாலுக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் வகுப்பு முடிந்ததும் கொடுக்கலாம் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இனி வகுப்புக்குள் வராதே என்று அவனை அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை வில்லியம் இல்லாத வகுப்பில் ஆஜர் எடுத்தார். நாற்பத்தொன்றைத் தாண்டிவிடத்தான் நினைத்தார். இருபது வருஷப் பழக்கம், நாக்கு கேட்கவில்லை.

“நாற்பத்தொன்று.”

“எஸ் சார்.”

காய்ச்சலில் கம்மிய குரல். ஞானதாஸ் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். பையன்கள் அத்தனை பேரும் குனிந்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்தவன் அந்தப் பக்கம் முழங்கைகூடப் படாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தான். இவர்கள் திங்கட்கிழமையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது.

வகுப்பைக் கலைத்துவிட்டுத் தனியாக நின்றார். கடிதத்தை எடுத்துக் கிழித்துப் போட்டார். ஒரு வாரம் கொடுத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

“தப்பு என்னுதுப்பா,” என்றார் காலி இடத்தைப் பார்த்து. “ஒரு வாரம் எடுத்துக்கோ.”

அறையைப் பூட்ட வந்த பியூன் சின்னப்பையன் எட்டிப் பார்த்தான். “இன்னா சார், யாராண்ட பேசிக்கினு கீறீங்கோ?”

மறுநாள் வில்லியத்தை அவரே தேடிப்போய் வகுப்புக்கு அழைத்து வந்தார். நாற்பத்தொன்றைக் கூப்பிட்டுக் காத்திருந்தார். பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. விட்டது சனி என்று மூச்சுவிட்டவர், அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

அடுத்த வியாழக்கிழமை காலை சின்னப்பையன் அவர் கண்ணெதிரே பூட்டைத் திறந்தான். மேஜைமேல் நாலைந்து தாள்கள் ஊசி குத்தி இருந்தன. மேலே அன்றைய தேதி. இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. அரை வருஷப் பரீட்சைத் தாளில் அவர் திருத்திய அதே ஷரீஃபின் எழுத்து. நின்றபடியே படித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒன்றுகூட வில்லியத்தினுடையது இல்லை. எல்லாம் சொந்தச் சரக்கு.

மணி அடித்தது, பையன்கள் வந்து உட்கார்ந்தார்கள். நாற்பத்தொன்று வந்தபோது அவர் கூப்பிடவில்லை, யாரும் குரல் கொடுக்கவுமில்லை. அந்த நம்பருக்கு நேரே பேசாமல் கோடு போட்டார். நிமிர்ந்து மூன்றாம் பெஞ்சைப் பார்க்கத்தான் அன்றைக்கு அவருக்குத் தைரியம் வரவில்லை.