பத்து வாரத்துத் தண்ணீர்

ஞானேஸ்வரி எழுதிய பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகக் குழு இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. நீர்ப்பாசனப் புவியியல் என்று ஒரு புதுப் பாடம். தவணையோ பத்தே வாரம். அதற்குள் உலகத்து ஆறு குளம் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தாள் மகராசி. இந்த முறையும் சரிவராவிட்டால் பாடமே இல்லை என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். குறைக்கச் சொன்னவர்கள்மீது அவளுக்குப் பொல்லாத கோபம்.

விடுமுறைக்கு முரசுமோட்டையில் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், கடதாசிக் கட்டோடு மருதமர நிழலில் கதிரையைப் போட்டாள். பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் ஊர்ந்தது. அது கோடையில் விதைக்கும் சிறுபோகக் காலம். குளத்தில் தண்ணீர் குறைவு என்பதால் வாய்க்காலின் தலைப்பக்கத்து வயல்களை மட்டும் விதைத்து, அவற்றையே எல்லாரும் பங்கு போட்டிருந்தார்கள். கடைப்பக்கத்தில் இருந்த அவளுடைய சீதனக் காணி தரிசாய்க் கிடந்தது. விவசாயிகள் கூட்டத்தில் அதற்கு முதலில் தலையாட்டியவளே அவள்தான்.

கண் சொருகியது. வயலெல்லாம் மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், செருப்புகளை வரம்பில் கழற்றி வைத்துவிட்டு. அவள் மதகைத் திறந்தாள். தண்ணீர் எல்லா வயலுக்கும் ஓடியது. ஒருவர் காலும் நனையவில்லை. கடைசி வயலில் ஒரு பெண்பிள்ளை கொப்பியை விரித்தபடி, கோபமே இல்லாமல் காத்திருந்தாள். அந்தப் பொறுமைதான் ஞானேஸ்வரியை என்னவோ செய்தது.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அண்ணன் பரமேஸ்வரன் தேத்தண்ணியோடு வந்தார்.

"முடிஞ்சுதோ?"

"இல்லை அண்ணை. காணியை விடச் சொல்ல உடன ஓம் எண்டனான். இதில ஒரு வரியை விடக் கை வருகுதில்லை."

சொல்லிக்கொண்டே வெட்டத் தொடங்கினாள். நைல் போனது. சிந்து போனது. அப்படியும் பாடம் பத்து வாரத்துக்குள் அடங்கவில்லை. மிஞ்சியது உவர்மண். வருடக்கணக்காக வெயிலில் காய்ந்து அவள் பட்டம் வாங்கிய ஆராய்ச்சி அது. அவளைத் தவிர அதைப் படிப்பிக்க அங்கே ஆளுமில்லை. குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "உன்ர உவர்மண்ணையோ வெட்டிப்போட்டாய்?"

"ஓம்." அவள் பேனையை மூடினாள். "அது என்ர காணி அண்ணை. அதுக்கும் பாய்ச்சினால் கடைசிப் பிள்ளைக்குத் தண்ணி காணாது."