இன்ஸ்பெக்டரின் ரோமம்

எதிர்வீட்டுப் பூனை தினமும் மாலையில் லிஃப்ட்காரர் வீட்டுக்குள் விடப்படுவதற்கு ஒரே காரணம் அதன் ரோமம்தான். அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் வலியப் போய்ச் சொன்னார்.

ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற மனிதர். இப்போது சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வைஸ் என்கிற சின்ன இரும்புப் பிடி ஒன்றை இறுக்கி வைத்திருக்கிறார். அதன் வாயில் தூண்டில் முள்ளைக் கவ்வக் கொடுத்து, நூலும் இறகும் ரோமமும் சுற்றி, மீனை ஏமாற்றும் பொய் ஈக்களைக் கட்டுவதுதான் வேலை. குளிர்ந்த ஆற்றில் திரியும் ட்ரவுட் மீனுக்கு ஒரு மாதிரி, வெதுவெதுப்பான குளத்து மீனுக்கு வேறு மாதிரி. குளத்து மீன் வெகுளி. தக்கையில் தலை செதுக்கி, ரப்பரில் கால் வைத்து, தண்ணீரில் பொளக்கென்று சத்தம் போடுகிற மாதிரி ஒன்றைக் கட்டிக் கொடுத்தால் போதும், பாய்ந்து வந்து கவ்வும். ட்ரவுட் அப்படியா? ஆயிரம் நொட்டை சொல்லும். நிறம் ஒரு பொட்டு மாறியிருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

அந்த ட்ரவுட்டின் கொட்டத்தை அடக்கியது இந்தப் பூனைதான். சாம்பல் நிறம். மேல்முடியை விலக்கினால் அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு ரோமம், லேசாக நீலம் ஓடிய புகை நிறத்தில். மெழுகு தடவிய நூலில் அதைத் திரித்து முள்ளில் சுற்றினால், தண்ணீரைக் குடித்து அடியில் இறங்கி, கல்லிடுக்கிலிருந்து நழுவிய பூச்சிக்குஞ்சு போலவே அசையும். மீன்பிடி சாமான் விற்கும் கடைக்காரர், "என்ன மாயம் சார் பண்றீங்க? வாங்கிட்டுப் போனவன் எல்லாம் திரும்ப வந்து அதையே கேக்கறான்" என்றபோது, லிஃப்ட்காரர் கண்ணடித்துவிட்டு வந்தார். அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பூனைக்குச் சொந்தக்காரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். தனியாள். அவள் வேலைக்குக் கிளம்பியதும் அது சமையலறை ஜன்னல் வழியாக நடைக்குக் குதித்து, மாடியில் திறந்திருக்கும் வீடுகளிலெல்லாம் நுழைந்து, மூலை முடுக்கெல்லாம் மோந்து பார்த்துவிட்டு, எதுவும் சரியில்லை என்கிற முகத்தோடு வெளியேறும். அதனால்தான் இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தாள்.

லிஃப்ட்காரர் வீட்டில் மட்டும் சோதனை சீக்கிரம் முடிந்துவிடும். வைஸ் பக்கத்தில் ஏறிப் படுத்துக்கொள்ளும். அவர் பேன்சீப்பை எடுத்து வாருவார். ஒரு ஈக்கு வேண்டிய ரோமம் ஒரே இழுப்பில் வந்துவிடும். ஆனாலும் செய்தி முடியும்வரை வாருவார், அதற்குப் பிறகு வரும் வானிலை முடியும்வரை வாருவார். வாரிக்கொண்டே பேசுவார். "டேய், இன்னைக்கு மாவு மெஷின்காரன் என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி போறான்டா. நான் அவன் சொத்தையா கேட்டேன்?" இன்ஸ்பெக்டர் ஒரு காதை மட்டும் திருப்பும். மனிதருக்கு அது போதும்.

ஏன் போதாது? மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போன மனைவி, போனவள் போனவள்தான். பேரன் தவழ்ந்தான், நடந்தான், போனில் பேசவும் ஆரம்பித்துவிட்டான். பாட்டி திரும்பியபாடில்லை. நடுவில் ஒருமுறை, "நான் வேணா வந்துடட்டுமா?" என்று கேட்டாள். "எனக்கென்ன கேடு? ராஜா மாதிரி இருக்கேன். நீ இருந்து மெதுவா வா" என்றார் இவர். அவளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். ராஜா ஒரே தட்டைக் கழுவி, அதே தட்டில் சாப்பிட்டு, டிவியில் செய்தி வாசிக்கிறவரோடு சண்டை போட்டுக்கொண்டு காலம் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும். பேரன் தாத்தாவை விசாரிக்க மாட்டான். "இன்ஸ்பெக்டர் எங்க?" என்பான். இவர் போனைப் பூனையின் முகத்துக்கு நேரே பிடிப்பார். அது ஒரு மியாவ் சொன்னால் அங்கே ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஓய்ந்ததும் பேச்சும் ஓய்ந்துவிடும்.

ஒருநாள் சாயங்காலம் எக்ஸ்ரேக்காரியே வாசலில் வந்து நின்றாள். மேசைமேல் பூனை, அவர் கையில் பேன்சீப்பு. கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

"சார், உங்களுக்குப் பூனைன்னா ரொம்பப் பிடிக்குமோ?"

"பூனையா? நல்ல கதை! எனக்கு இதோட ரோமம்தாம்மா வேணும். ரோமம் இல்லாட்டி இந்தப் பக்கமே அண்ட விட மாட்டேன். வீடெல்லாம் உதிர்த்துட்டுப் போகுது பாருங்க."

அவள் சிரித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், "சும்மாதான் சார் கேட்டேன்" என்று பூனையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு போனாள். நன்றாகச் சமாளித்துவிட்டோம் என்று இவர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். மெச்சிக்கொள்ள வேண்டியதுதான்!

கொஞ்ச நாளில் எதிர்வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் ஏறின. வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் என்று வாட்ச்மேன் சொன்னார். லிஃப்ட்காரர் வைஸ் முன்னால் போய் உட்கார்ந்தார். அன்று கட்டிய ஈக்களில் ஒன்றுகூட உருப்படவில்லை. முள்ளின் காதுவரை நூலைச் சுற்றித் தொலைத்தார். காது அடைத்துக்கொண்டால் தூண்டில் நரம்பை எதில் கோர்ப்பது? கற்றுக்குட்டி செய்கிற தப்பு. வெட்டி வெட்டிக் குப்பையில் போட்டார்.

பூனையை விட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். கெஞ்சக் கூடாது. தொழில் விஷயமாகப் பேச வேண்டும். முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார்: "இங்க பாருங்கம்மா, என் தொழிலே அந்த ரோமத்துலதான் ஓடுது. புது இடத்துல அது தவிச்சுப் போயிடும். இங்கயே விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. பூனை மலஜலம் கழிக்க ஒரு பிளாஸ்டிக் தட்டும் மணலும் வாங்கினார். "எதுக்கு சார்?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, இறகுக்குச் சாயம் போட என்றார். மணலில் என்ன சாயம் என்று கடைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை, இவர் பிழைத்தார். தட்டை மேசைக்கடியில் ஒளித்து வைத்தார். கேட்பதை மட்டும் நாளை, நாளை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

கடைசி நாளும் வந்துவிட்டது. முந்தின மாலை இன்ஸ்பெக்டர் வரவில்லை. சாமான் கட்டுகிற அமளியில் மிரண்டு எங்காவது பதுங்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். கீழே லாரி வந்து நின்ற சத்தம் கேட்டதும் சட்டையை மாற்றிக்கொண்டு கதவைத் திறந்தால், அவளே எதிரே நிற்கிறாள். கையில் தலையணை அளவுக்கு ஒரு துணிப்பை.

"சார், இது உங்களுக்கு."

பிரித்துப் பார்த்தார். ரோமம். மேல்முடி ஒன்றுகூடக் கலக்காமல், நீலம் ஓடிய அடிரோமம் மட்டும், அமுக்கி அமுக்கி அடைத்திருந்தது.

"தினமும் வாரிவிட்டுச் சேத்து வெச்சேன் சார். மேல்முடிய நானே பொறுக்கி எடுத்துட்டேன். எனக்கும் ராத்திரி சாப்பிட்டப்புறம் வேற என்ன வேலை? இனிமே உங்களுக்குப் பூனையே தேவையில்ல."

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த பேச்சு முழுவதும் அந்தப் பைக்குள் போய்விட்டது. தொழிலும் போச்சு, சாக்கும் போச்சு. வெறுங்கையோடு நின்றார் மனிதர். வாய் மட்டும் தானாகத் திறந்தது.

"இல்லம்மா... எனக்கு ரோமம் வேண்டாம். பூனைதான் வேணும். அதக் குடுத்துட்டுப் போறீங்களா?"

அவள் முகம் மாறிவிட்டது.

"ஐயோ சார்! புது இடத்துல பிராணி எதுவும் வளக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதக் கேக்கத்தானே அன்னைக்கு உங்க வாசல்ல வந்து நின்னேன்? ரோமம் இல்லாட்டி அண்ட விட மாட்டேன்னீங்களே. நேத்துதான் கூட வேலை பாக்கற பொண்ணு வந்து எடுத்துட்டுப் போனா. அவ பசங்க அத மடியவிட்டே இறக்கலையாம், இப்ப எப்படிப் போய்க் கேப்பேன்?" என்றாள். "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பரவால்லம்மா. பசங்க இருக்கற வீடு. நல்லாப் பாத்துக்குவாங்க" என்றார். பெட்டி இறக்குகிறவன் கீழேயிருந்து கூப்பிட்டான். அவள் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாள். எதிர்க்கதவுக்கு அந்தப் பக்கம் இத்தனை நாளும் ஒருத்தி சாப்பிட்டு முடித்து, தனியே உட்கார்ந்து ரோமம் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். இவருக்குத் தெரியவே தெரியாது.

அவர் வைஸின் முன்னால் வந்து உட்கார்ந்தார். பையில் இருந்தது சாகும்வரை கட்டினாலும் தீராது. ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். இன்ஸ்பெக்டரின் வாசனை அப்படியே இருந்தது. அழுகை வந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பேரன்தான்.

"தாத்தா, இன்ஸ்பெக்டர் எங்க?"

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து, "மியாவ்" என்றார்.

அங்கே சிரிப்பு வரவில்லை. "பாட்டி, இன்ஸ்பெக்டருக்கு உடம்பு சரியில்ல" என்று பையன் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. போன் மனைவியின் கைக்கு மாறியது.

"என்னங்க, பூனைக்கு என்ன?"

"போயிடுச்சு. வேற வீட்டுக்குக் குடுத்துட்டாங்க."

"அடடா. சரி, நீங்க நல்லா இருக்கீங்கல்ல?"

ராஜா மாதிரி இருக்கேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூன்று வருஷப் பழக்கம், சும்மா விடுமா? அவர் அதை விழுங்கினார்.

"நல்லா இல்ல. நீ வந்துடு."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"பூனை போயிடுச்சுன்னா என்னைக் கூப்பிடறீங்க?"

"பூனைக்காக இல்ல. நீ வரட்டுமான்னு கேட்டப்பவே வான்னுதான் சொல்லணும்னு இருந்தேன். என்னால தனியா இருக்க முடியல."

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "இத அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

இதே வாக்கியத்தைத்தான் தன் வாசலில் எக்ஸ்ரேக்காரி சொல்லவும் கேட்டார். அங்கே அதற்குப் பிறகு ஒன்றும் இருக்கவில்லை. லிஃப்ட்காரர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்.