புதன்கிழமை ரூம்

அரைப் பரீட்சை முடிந்த வாரம், பாகூர் பள்ளிக்கூடத்தின் பெரிய வாத்தியார் சிவப்பிரகாசம் கலியம்மாளை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவள் நடவு வயலிலிருந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டு போய் நின்றாள். மேசைமேல் மகள் சிவகாமசுந்தரியின் விடைத்தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு கேள்விக்கு எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதற்குக் கீழே வெறும் தாள்.

"பாதியில எழுந்து போயிடறா. ஏன்னு கேட்டா தும்பி பார்த்தேன்றா. பக்கத்துல இருக்கறதுங்களயும் எழுத வுடறதில்ல. டிசி வாங்கிக்கம்மா, வேற எங்கனா சேர்த்துக்க."

"கொஞ்சம் டைம் குடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

சுந்தரிக்கு ஒன்பது வயது. தண்ணீருக்கு அனுப்பினால் குடத்தை எங்கோ வைத்துவிட்டு மாட்டு வண்டிக்குப் பின்னால் போய்விடுவாள். சாப்பிடும்போதே நாலு முறை எழுந்திருப்பாள். மந்திரித்த கயிறு மூன்று அவள் கையில் இருந்தன. அடித்தும் பார்த்தார்கள். அரிசி மில்லில் வேலை செய்த அப்பா பலராமன் ஒரு நாள் அவளைத் தூணில் கட்டிப்போட்டான். கட்டிய கையோடு கொல்லைப்பக்கம் போய் அவனே அழுதான்.

அந்த மாதம் சுந்தரி ஓடி விழுந்து முட்டியைக் கிழித்துக்கொண்டாள். சுகாதார நிலையத்தில் கட்டுப் போட்ட நர்ஸ் மர்கரீத் அவளை வெகுநேரம் கவனித்தாள். காயத்துக்கு மருந்து வைப்பதற்குள் அந்தப் பெண் டார்ச் லைட்டைக் கழற்றி மறுபடி மாட்டிவிட்டிருந்தது.

"கலியம்மா, இது கொழுப்பு இல்ல" என்றாள் மர்கரீத். "கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரில இந்த மாதிரி பிள்ளைங்களுக்குன்னே ஒரு ரூம் இருக்குது. புதன்கிழமை காலையில மட்டும்தான். லூர்துமேரின்னு ஒருத்தங்க பாக்கறாங்க. ஊசி கீசி கெடையாது. பேசி, பழக்கி சரி பண்றவங்க."

பலராமன் ஒத்துக்கொள்ளவில்லை. "மனசு டாக்டர்கிட்டயா? பைத்தியம்னு ஊரே சொல்லும். நாளைக்கு எவன் கட்டுவான் இவள?"

"கட்டறத அப்புறம் பாக்கலாம். மொதல்ல அவ படிக்கட்டும்" என்றாள் கலியம்மாள்.

முதல் புதன்கிழமை தவளக்குப்பத்தில் பஸ் மாற இறங்கினார்கள். கலியம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினால் மகளைக் காணோம். கடலூர் ரோட்டில் லாரியும் பஸ்ஸும் ஓய்வில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அவள் கடை கடையாக ஓடினாள். ஒன்றரை மணி நேரம் கழித்து, ஒரு சோடாக் கடைக்குப் பின்னால் கோலி சோடா நிரப்பும் மெஷினைப் பார்த்தபடி சுந்தரி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அந்த ரூமில் பூட்டுத் தொங்கியது.

"பன்னெண்டோட சரிம்மா. அடுத்த புதன் வா" என்றார் வார்டு பாய்.

கலியம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பினாள். மகளை அடிக்கக் கை ஓங்கவில்லை. ஊர் திரும்பும் வரை ஒரே யோசனை. சோடா மெஷின் முன்னால் இவள் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாளே, எப்படி?

அடுத்த புதன் பஸ் ஏறியதுமே டிக்கெட்டுகளை மகள் கையில் கொடுத்தாள். "இது ஒன் பொறுப்பு. வழியில எத்தினி பாலம், எத்தினி மதகுன்னு எண்ணிக்கினே வரணும். ஒன்னு வுட்டாலும் நான் கண்டுபிடிச்சிடுவேன்."

சுந்தரி ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. பஸ் மாறும்போது, "யம்மா, சீக்கிரம் வா, எனக்கு மறந்துடப் போவுது" என்று அம்மாவை அவள்தான் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

லூர்துமேரிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பாய் விரித்து மரக்கட்டைகளைப் பரப்பி, சுந்தரியை விளையாட விட்டு, ஒரு மணி நேரம் பார்த்தாள். நடுநடுவே கலியம்மாளிடம் கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டாள்.

கலியம்மாளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "என் வளர்ப்புதான் தப்பா மேடம்?"

"இல்லம்மா. பேய் பிசாசும் இல்ல, திமிரும் இல்ல, ஒங்க வளர்ப்பும் இல்ல. சில பிள்ளைங்களுக்கு மூளை இப்படித்தான், கவனம் ஒரு எடத்துல நிக்காது. இவளுக்குப் புத்தி நல்லாவே இருக்குது. அது சரி, அவ்ளோ தூரம் பஸ்ல எப்படிக் கூட்டியாந்தீங்க?"

கலியம்மாள் பாலம் எண்ணச் சொன்னதைச் சொன்னாள். லூர்துமேரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் சொல்லித்தர வேண்டியதுல பாதிய நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களே!"

ஒன்பது வருஷத்தில் இந்தப் பெண்ணின் விஷயத்தில் ஒருவர் அவளை மெச்சியது அதுதான் முதல் தடவை. கலியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஒரு புதன்கிழமையும் தப்பவில்லை. லூர்துமேரி சொன்னபடி, ஒரு நேரத்தில் ஒரு வேலை, அதுவும் சின்னதாக. பதினைந்து நிமிஷம் படித்தால் ஐந்து நிமிஷம் ஓட்டம். முடித்ததும் உடனே ஒரு பாராட்டு. தூணில் கட்டுவது இனி வீட்டில் கூடாது என்று பலராமனுக்குக் கலியம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மாசி மாதம் ஒரு சாயங்காலம் மகள் தானாகவே வாய்ப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த புதன் அவனே மில்லில் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தான்.

பள்ளிக்கூடம்தான் பாக்கி. லூர்துமேரி எழுதிக் கொடுத்த கடிதத்தைச் சிவப்பிரகாசம் படித்துவிட்டு மடித்தார்.

"நடுவுல நடுவுல எழுந்து நடக்க வுடணுமாம். முன் வரிசையில உக்கார வைக்கணுமாம். அறுவது பிள்ளைங்க இருக்கற கிளாஸும்மா இது."

"தெரியும் சார். ஒரு மாசம் மட்டும் செஞ்சி பாருங்க. ஆவலன்னா நானே வந்து டிசி வாங்கிக்கறேன்."

"முடியாதும்மா."

"அப்ப நானும் போவ முடியாது சார்" என்று கலியம்மாள் அங்கேயே நின்றாள். மணி அடித்தது, பிள்ளைகள் வெளியே போயின, திரும்பி வந்தன. அவள் நகரவில்லை. கடைசியில் அங்கே வந்த சுந்தரியின் நாலாம் வகுப்பு டீச்சர் விசாலாட்சிதான், "ஒரு மாசம்தானே சார், நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து சுந்தரிக்கு முன் வரிசை. சாக்பீஸ் எடுத்து வருவது, போர்டு துடைப்பது, பீரியட் மணி அடிப்பது எல்லாம் அவள் வேலை. ஒரு மாதம் முடிந்தது. டிசி பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

முழுப் பரீட்சையின் கடைசி நாள், கணக்கு. கலியம்மாள் வாசல் வேப்பமரத்தடியில் காத்திருந்தாள். எழுதி முடித்த பிள்ளைகள் மணி அடிக்கும் முன்பே கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். எல்லாரும் வந்தாயிற்று. சுந்தரியை மட்டும் காணோம். மறுபடியும் எங்கேயோ ஓடிவிட்டாளா? வகுப்புக்கு ஓடினாள்.

அறையில் ஒரே ஒரு பெண், தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. விசாலாட்சி டீச்சர் விரலை உதட்டில் வைத்துக் கலியம்மாளை வாசலிலேயே நிறுத்தினாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குது. போட்டதெல்லாம் திரும்பப் பாக்கறா."

மணி அடித்தது. சுந்தரி தாளை டீச்சரிடம் நீட்டிவிட்டு நிமிர்ந்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"யம்மா! பத்தும் போட்டுட்டேன்!"

கலியம்மாள் பள்ளிக்கூடம் என்றும் பார்க்கவில்லை. ஒன்பது வயசுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பெரிய வாத்தியார் அறை முன்பாகவே, நிமிர்ந்து நடந்து போனாள்.