இரைச்சல் நீக்கிய தாலாட்டு

காப்பியில் சர்க்கரை போட்டேனா? போட்டிருந்தால் இரண்டு முறை போட்டிருப்பேன். குடிக்கட்டும், பிடிக்காவிட்டால் அவளே சொல்வாள்.

வந்திருந்தவள் ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். இசை ஆராய்ச்சி செய்கிறவள். குறைமாதக் குழந்தைகள் வார்டில் அம்மாக்களைப் பாடவைத்துப் பதிவு செய்து, அவர்கள் அருகில் இல்லாத நேரத்தில் அந்தந்தக் குழந்தைக்குப் போடுவது அவள் திட்டம். நர்சுகளுக்கு அவள் தாலாட்டு மேடம். என் குழந்தை இறந்த பிறகு இப்போதுதான் அவளைப் பார்க்கிறேன்.

"உங்க பாட்டுதாங்க ரொம்ப நல்லா வந்திருக்கு. வார்டுல பாட அம்மா இல்லாத குழந்தைங்க சிலது இருக்கு. அதுங்களுக்குப் போடலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

"எங்க அண்ணி பாட்டா?" நாத்தனார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இவங்க குளிக்கிறப்பப் பாடினா பக்கத்து வீட்டு நாய் எதிர்ப்பாட்டு பாடும்."

இந்த வீட்டில் யாரும் சிரித்து நாளாயிற்று, அதற்காகவே சொன்னாள். நானும் உதட்டை இழுத்து வைத்தேன்.

தாலாட்டு மேடம் ஹெட்போனை என் காதில் மாட்டினாள். என் குரல்தான். தெரிந்தவர் யாரோ பாடுவது போல இருந்தது. அந்த வார்டில் நான் ஒருநாளும் இவ்வளவு தனியாகப் பாடியதில்லை.

"மெஷின் சத்தம் இருந்துச்சே?"

"அந்த பீப் சத்தமா? எடுத்தாச்சு." அவள் முகம் மலர்ந்தது. "அதை எடுக்கறதுக்குள்ள உயிரே போயிடுச்சு. இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க."

அது மானிட்டர். குழந்தையின் நெஞ்சு துடிக்கத் துடிக்க அதுவும் ஒலிக்கும். அழக்கூடத் தெம்பில்லாத பிள்ளை. அந்த ஒலி வேகமாய்ப் போனால் நானும் வேகமாய், தளர்ந்தால் நானும் தளர்ந்து, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பாடினேன். தாளம் என்னுடையதில்லை.

"பழைய பதிவு இருக்கா?"

"இருக்கு. ஆனா அதை வார்டுல போட முடியாதுங்க. எந்த மானிட்டர்னு தெரியாம நர்ஸ் எல்லாம் ஓடி வந்துடுவாங்க."

நியாயம்தான்.

நாத்தனார் வந்து என் தோளைத் தொட்டாள். "நாலு பிள்ளைங்க தூங்கும், அண்ணி. புண்ணியமாப் போகும். சரின்னு சொல்லுங்க."

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரக்கமாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். அதுவும் இல்லை. ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி அவள் கையில் கொடுத்தேன்.

"வேண்டாங்க," என்றேன். "வேற யாரையாவது கேளுங்க."